எந்தப் பக்கம் விழுந்தால் சரி?

ஜூலை 18, வெள்ளி

இந்த டைரி பொங்கலுக்கு ஒரு சிமெண்ட் கம்பெனிக்காரர் கொடுத்தது. ஆறு மாதமாகக் கடையில் மேசைக்கால் ஆடாமல் இருக்க முட்டுக் கொடுத்து வைத்திருந்தேன். இன்று அதை உருவி எடுக்கக் காரணம் என் தங்கை வீட்டுக்காரர் குழந்தைவேல். கோயம்புத்தூரில் ஏதோ ஓட்டலில் இரண்டு நாள் வகுப்புக்குப் போய் வந்திருக்கிறார். அன்றாட வாழ்க்கையில் நல்ல முடிவு எடுப்பது எப்படி என்று வகுப்பாம். சோறு போட்டார்களாம்.

"மச்சான், தெனமும் ஒரு முடிவு எடுங்க. எடுத்ததை எழுதுங்க. ஏன் எடுத்தீங்கன்னும் எழுதுங்க. மூளை தானாப் பழகீரும்."

"பழகாட்டி?"

"நாப்பத்தியோரு வயசாச்சு. இன்னும் காப்பியா டீயான்னு கேட்டா என்ற மூஞ்சியப் பாக்கறீங்க. எழுதுங்க மச்சான்."

சரி. இன்றைய முடிவு: டைரி எழுதுவது. காரணம்: மாப்பிள்ளை சொன்னார். அடுத்தவர் சொல்லிச் செய்தது நம் முடிவில் சேருமா என்று தெரியவில்லை. அவரையே கேட்க வேண்டும்.

ஜூலை 19, சனி

மேசை ஆடுகிறது. டைரியைத் திரும்ப வைத்துவிடலாமா என்று யோசித்தேன். வைக்கவில்லை. இதை முடிவு என்று எழுதிக்கொள்கிறேன்.

எனக்குக் காங்கேயத்தில் பெயிண்ட் கடை. ஈஸ்வரமூர்த்தி பெயிண்ட்ஸ் என்றால் பேருந்து நிலையத்தில் யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். இன்று ஒரு புருசன் பெஞ்சாதி வந்தார்கள். கலர் அட்டையை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் சண்டை. அவருக்குப் பச்சை, அந்தம்மாவுக்கு மஞ்சள். நான் கேட்டேன், "வெயில் எந்தப் பக்கமுங்க விழுகுது?" மேற்கு என்றார்கள். "அப்ப ரெண்டும் வேண்டாம், இந்த வெளிர் சந்தனம் எடுங்க." இரண்டே நிமிடம். மெசினில் கலக்கிக் கொடுத்தேன். கலக்கிய டப்பாவைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று பலகையே மாட்டியிருக்கிறேன். அவர்கள் சந்தோசமாகப் போனார்கள்.

அடுத்தவன் வீட்டுச் சுவர் என்றால் எனக்கு எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. இதை மாப்பிள்ளையின் வகுப்பில் யாராவது விளக்கினார்களா?

ஜூலை 20, ஞாயிறு

விசயத்தை எழுதாமல் சுற்றிச் சுற்றி வருகிறேன். எழுதிவிடுகிறேன்.

போன ஞாயிறு, ஆனி முடிவதற்குள், வெள்ளகோவில் பக்கம் பெண் பார்க்கப் போனோம். நானும் அம்மாவும் மட்டும். பெண் பெயர் கோகிலவாணி. வயது முப்பத்தேழு. கால்நடை ஆய்வாளர். அதாவது மாட்டு ஆஸ்பத்திரியில் வேலை. ஏற்கனவே கல்யாணமாகி ஒத்துவராமல் கோர்ட்டில் தீர்த்துக்கொண்டு அண்ணன் வீட்டில் இருக்கிறார். அங்கே வந்திருந்த தரகர் இதை மென்று முழுங்கிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். காலில் ரப்பர் பூட்ஸ். எங்கோ மாடு பார்த்துவிட்டு நேராக வந்திருக்கிறார். கை கழுவிவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"எதுனா கேக்கோணுமுங்களா?"

"மாடு உதைக்காதுங்களா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"உதைக்குமுங்க. பழகுனா எப்ப உதைக்கும்னு தெரிஞ்சு போயிரும்" என்று சொல்லிச் சிரித்தார். என்னைப் பார்த்துச் சிரித்தாரா, நான் கேட்டதற்குச் சிரித்தாரா என்று இன்னும் புரியவில்லை.

காரில் ஏறியதும் அம்மா சொன்னாள், "மூர்த்தி, முடிச்சர்லாம் சாமி. நல்ல புள்ளை."

"பூவரம் கேக்காமயா?" என்றேன்.

அம்மா கார்க் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எங்கள் வீட்டில் இது வழக்கம், நான் என்ன செய்வது? குலதெய்வக் கோயிலில் அம்மன் சிலையின் இரண்டு தோளிலும் பூசாரி தோளுக்கு ஒரு அரளிப்பூ ஒட்டுவார். எந்தப் பக்கத்துப் பூ முதலில் விழுந்தால் சரி என்று கேட்கிறவன் முன்னாலேயே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சிலைக்கு எதிரில் நிற்கிற நமக்கு எது வலது, எது இடது, அதுதான் கணக்கு. பிறகு காத்திருக்க வேண்டியதுதான். இதுவரை ஏழெட்டுப் பெண்களுக்குக் கேட்டாகிவிட்டது. ஒருமுறைகூட ஆத்தா உத்தரவு கொடுக்கவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். எனக்கு அந்தச் சாமியே கொடுக்கவில்லை.

இன்று காலை கோகிலவாணி போன் செய்தார். அவருக்குப் பதவி உயர்வு வந்திருக்கிறது, மலை மேலே இருக்கிற கூடலூருக்கு மாறுதலோடு. வேண்டாமென்றால் எழுதிக் கொடுத்துவிட்டு இங்கேயே இருக்கலாம். "நீங்க சரின்னா நான் வேண்டாம்னு எழுதிக் குடுத்தர்றேன். இல்லீன்னா போறேன். ஆகஸ்ட் பதினாலுக்குள்ள சொல்லோணும். எதுன்னாலும் சங்கடமில்லீங்க, சொன்னாப் போதும்."

"ஆடி பொறந்துருச்சுங்களே. ஆவணி வரட்டுமே" என்றேன்.

"ஆவணி பதினேழாந் தேதிதானுங்க பொறக்குது" என்றார்.

காலண்டரைப் பார்த்தேன். உண்மைதான்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. அப்பாவுக்குப் படையல். வாழைக்காய் பொரியலா கூட்டா என்று அம்மா கேட்டாள். உன் இஷ்டம் என்றேன். "உங்கப்பனுக்குப் புடிச்சது எதுன்னுதான் கேட்டேன்" என்றாள். பொரியல் என்றேன். முடிவு ஒன்று.

ஜூலை 27, ஞாயிறு

மாப்பிள்ளை போனில் புது வழி சொன்னார். தாளை இரண்டாக மடித்து ஒரு பக்கம் நல்லது, ஒரு பக்கம் கெட்டது எழுத வேண்டுமாம். எந்தப் பக்கம் அதிகமோ அதுதான் முடிவு.

எழுதினேன். அரசு வேலை, நல்லது. கூடலூர், கெட்டது. தைரியமாகப் பேசுகிறார், நல்லது. தைரியமாகப் பேசுகிறார், கெட்டது. முதல் கல்யாணத்தைப் பற்றிச் சொந்தக்காரர்கள் பேசுவார்கள், கெட்டது. அம்மாவுக்குப் பிடித்திருக்கிறது, நல்லது. மாட்டு வாசம், கெட்டது. ஆனால் அன்று அவர் எதிரில் உட்கார்ந்திருந்தபோது வாசம் எதுவும் தெரியவில்லையே என்று அதை அடித்துவிட்டேன். கடைசியில் இரண்டு பக்கமும் சரிக்குச் சமமாக வந்து நின்றது. அவர் சிரித்ததை எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியாமல் விட்டிருந்தேன். அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

என்ன கெரகமோ! தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வீட்டு வாசலைக் கூட்டினேன்.

ஜூலை 30, புதன்

கோகிலவாணி கடைக்கு வந்தார்!

கால்நடை மருந்தகத்துக் கேட்டுக்கு அடிக்க நீல எனாமல் வேண்டுமாம். நான் கலர் அட்டையை விரித்தேன். நீலத்திலேயே நாற்பது வகை இருக்கிறது, வெயில், துரு, மாடு உரசுவது எல்லாம் பார்க்க வேண்டும் என்று ஆரம்பித்தேன். அவர் அட்டையில் விரலை வைத்தார். "இது."

"நல்லாப் பாத்துக்குங்க. கலக்குனா திரும்ப எடுக்க மாட்டோம்."

"திருப்பிக் குடுக்க மாட்டனுங்க" என்றார்.

டப்பாவை ஸ்கூட்டரில் நானே கொண்டுபோய் வைத்தேன். அவர் கிளப்பாமல் நின்றார்.

"உங்களுக்கு நான் புடிக்கலைன்னா அதைச் சொல்றதுல என்னங்க கஷ்டம்?"

"அப்படியெல்லாம் இல்லீங்க."

"அப்பப் புடிச்சிருக்குதுங்களா?"

"பூவரம் கேக்கோணுமுங்க. எங்க வழக்கம்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மாட்டுக்கு என்ன நோவு என்று பார்க்கிற மாதிரி இருந்தது. "சரிங்க, கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் மத்தியானம் சாப்பிடவில்லை. பசியில்லை. வெயில் காரணமாக இருக்கலாம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. அம்மா முளைப்பாரி விட்டுவிட்டு வந்து ஈரச் சேலையோடு என் முன்னால் நின்றாள்.

"அந்தப் புள்ளைக்கு என்ன பதில் சொன்னே?"

"ஆடி முடியட்டும்மா. ஆடியில பேச்செடுக்கக் கூடாது."

"கண்ணாலம் பண்ணத்தான் கூடாது. வாய்க்குமா பூட்டுப் போட்டிருக்குது?"

"பூவரம் கேக்கோணுமல்ல? ஆடியில கேக்கலாமா?"

"ஏன்டா, ஆடியே ஆத்தா மாசம். ஆத்தாகிட்டக் கேக்கறதுக்கு ஆடி ஆகாதாமா? நல்லாருக்குதுடா உன்ற நாயம்!" அம்மாவுக்குக் கோபம் வந்தால் குரல் மேலே போகாது, கீழே இறங்கும். "கழுவற மீனுல நழுவற மீனு நீ. பூ வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், புடிச்சிருக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லு. நான் போய்ப் பேசிக்கறேன்."

குலவழக்கத்தைப் பெற்ற தாயே மதிக்காவிட்டால் நான் என்ன செய்வது? எழுந்து கடைக்குப் போய்விட்டேன். ஞாயிற்றுக்கிழமை என்பது ஷட்டரைத் தூக்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வியாபாரம் இல்லை. ஆடியில் எவன் பெயிண்ட் அடிக்கிறான். முடிவும் இல்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

ஆடி வெள்ளி. தனியாகக் கோயிலுக்குப் போனேன். எண்ணெய் வாங்கிக் கொடுக்கப் போவதாக அம்மாவிடம் சொன்னேன். எண்ணெயும் வாங்கிக்கொண்டுதான் போனேன். கூட்டம் கலைந்த பிறகு பூசாரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்க மாட்டீங்களே? இத்தன வருசமா ஏனுங்க வலதுன்னே கேக்கறீங்க?"

"வலதுதானுங்க நல்லது. சோத்துக்கை."

அவர் சிரித்துக்கொண்டே எழுந்து போய் விளக்கைத் தூக்கிச் சிலைக்குப் பக்கத்தில் பிடித்தார். "இங்க பாருங்க. நமக்கு எடது பக்கத்துத் தோளு கொஞ்சம் எறக்கம். எண்ணெய் சாத்தறப்ப வழியறதும் அந்தப் பக்கந்தான். பூ ஒட்டுனா நிக்காது. பத்துத் தடவைக்கு ஒம்பது தடவை எடதுதான் மொதல்ல விழுகும்."

"அப்பறம் இதென்ன பூவரம்? இது ஏமாத்துங்களே?"

"என்ன ஏமாத்து? இங்க வர்ற அத்தன பேருக்கும் இது தெரியும். வேணும்ங்கறவன் எடது விழுந்தா முடிக்கறேம்பான். வேண்டாம்ங்கறவன் வலதும்பான். மாமன் மச்சான் மொகத்துக்கு நேரா வேண்டாம்னு சொல்ல முடியாது பாருங்க. ஆத்தா பேரைச் சொன்னா யாருக்கும் வருத்தமில்ல. மனசுல முடிவு பண்ணீட்டு வந்து இங்க உத்தரவு வாங்கீட்டுப் போறாங்க. அம்புட்டுத்தான்."

எண்ணெய்ப் பாட்டிலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். "அம்மாவுக்குத் தெரியுமா?"

"நீங்க வலதுன்னு சொன்ன ஒடனே உங்கம்மா கண்ணை மூடிக்குவாங்க தம்பி. பூ விழுகறத அவங்க ஒருக்காக்கூடப் பாத்ததில்ல."

எண்ணெய்ப் பாட்டிலைக் கொடுக்காமலே வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 9, சனி

அம்மாவிடம் கேட்டேன். மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். கிரைண்டரை நிறுத்தாமலே "தெரியும்" என்றாள்.

"தெரிஞ்சுமா சொல்லலே?"

"நீ தெரிஞ்சுதான் சொல்றேன்னு நெனச்சேன். புடிக்கலையாட்டிருக்குது, நாகரிகமாச் சொல்றான்னு விட்டுட்டேன். மொத ரெண்டு மூணு பொண்ணுக்கு. அப்பறம் எல்லாத்துக்கும் அதையே சொன்னயா, இவனுக்குக் கண்ணாலமே வேண்டாம் போலன்னு பொட்டாட்ட வாயத் தொறக்காம இருந்துட்டேன்."

"எனக்குத் தெரியாதும்மா!"

அம்மா கிரைண்டரை நிறுத்தினாள். "உன்ற தங்கச்சிக்குக் கேக்கறப்ப எடதுன்னுதான சொன்னே?"

எனக்கு ஞாபகமில்லை. சத்தியமாக ஞாபகமில்லை. குழந்தைவேல் நல்ல பையன், எங்கள் எல்லோருக்கும் பிடித்திருந்தது, அந்தச் சந்தோசத்தில் ஏதோ வாயில் வந்ததைச் சொல்லியிருப்பேன். அதை வைத்து எனக்குத் தெரியும் என்று எப்படிச் சொல்ல முடியும்?

எனக்குத் தெரியாது. எழுதி வைக்கிறேன். எனக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மாப்பிள்ளை பதினோரு மணிக்கு வந்து "முடிவெல்லாம் எப்படிப் போகுதுங் மச்சான்?" என்றார். காதைப் பொத்திக்கொண்டு படுத்திருந்தேன். காய்ச்சல் என்று சொன்னேன்.

வேண்டாமென்று யாரையாவது நான் நினைத்தேனா? தாராபுரத்துப் பெண் நன்றாகத்தான் இருந்தாள். ஊதியூர்க்காரர்கள் எத்தனை மரியாதையாகப் பேசினார்கள். யாரிடமும் குறை கண்டதாக ஞாபகமில்லை. ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கிறது. கோயிலிலிருந்து திரும்பும்போது ஒவ்வொரு முறையும் வழியில் வண்டியை நிறுத்திப் புரோட்டா சாப்பிட்டிருக்கிறேன். இரண்டு செட், அதற்கு மேல் ஆம்லெட். அம்மா காரிலேயே உட்கார்ந்திருப்பாள். பசிக்கவில்லை என்பாள். வயதானவர்களுக்கு அப்படித்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

சேற்றில் ஒரு கால் ஆற்றில் ஒரு கால் என்று இருக்கிறேன். கோகிலவாணிக்கு போன் செய்ய எடுத்தேன். வைத்தேன். எடுத்தேன். அவரே அழைத்துவிட்டால் நன்றாக இருக்கும். அழைத்தால் என்ன சொல்வது என்றும் பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அவரே அழைத்தார்.

"நாளைக்குக் கூடலூர் போறேன்னு எழுதிக் குடுக்கப் போறேனுங்க. கடைசி நாள் வரைக்கும் வெச்சிருக்க எனக்குத் தெம்பில்ல."

"பதினாலுன்னு சொன்னீங்களே?"

"சொன்னேன். ஆனா தெனமும் காலையில போனைப் பாக்கறது எனக்கே புடிக்கல. இருபத்திமூணு வயசுலயும் இப்படித்தான் ஒருத்தரு மொகத்தப் பாத்துப் பாத்து நின்னேன். மறுக்கா அது வேண்டாமுங்க." குரலில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் நான் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன்.

வைத்துவிட்டார்.

எனக்கு அழுகை வந்தது. கடையில் ஆட்கள் இருந்தார்கள், தின்னர் நெடி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பிறகு வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "காலையில கோயிலுக்குப் போலாம்" என்றேன். ஏன் என்று அம்மா கேட்கவில்லை. சேலை எடுத்து வைத்தாள்.

ஆகஸ்ட் 13, புதன்

காலை ஆறரைக்கே போய்விட்டோம். பூசாரி இரண்டு பூவை எடுத்தார். சிலையின் இரண்டு தோளிலும் ஒட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"எந்தப் பக்கம் விழுந்தாச் சரி? சொல்லுங்க தம்பி."

இத்தனை வருசம் இந்தக் கேள்வியை ஒரு கேள்வியாகவே நான் நினைத்ததில்லை. இப்போது நான் சொல்லப்போகிற ஒரு வார்த்தைதான் முடிவு, பூவெல்லாம் சும்மா என்று அங்கே நின்ற மூன்று பேருக்கும் தெரியும். வெட்கமாக இருந்தது. அம்மா என்னைப் பார்க்கவில்லை. கண்ணை மூடத் தயாராக நின்றாள்.

"எடது" என்றேன்.

"சத்தமாச் சொல்லுங்க."

"எடதுங்க! எடது விழுந்தா கோகிலவாணியக் கட்டிக்கறேன்."

அம்மாவுக்குப் பொலபொலவென்று கண்ணீர். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிலையையே பார்த்தாள். கண்ணை மூடவே இல்லை.

நாங்கள் காத்திருந்தோம். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். வாசல் பக்கமிருந்து ஒரு காற்று அடித்தது பாருங்கள், விளக்கு அணைந்தது. பூசாரி கையால் மறைப்பதற்குள் வலது பூ சுழன்று கீழே வந்து விழுந்தது. இடது பூ இருந்த இடத்திலேயே இருக்கிறது. வழுக்குகிற தோள், எண்ணெய்த் தோள், பத்துக்கு ஒன்பது என்ற தோள், அதில் பூ பசை வைத்த மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கிறது!

"இப்படி விழுந்து நான் பாத்ததே இல்லீங்களே" என்றார் பூசாரி. அவருக்கே முகம் வெளுத்துவிட்டது. "காத்து. இது கணக்குல வராது. மறுக்கா ஒட்டட்டுங்களா?"

எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. ஏழெட்டுத் தடவை நான் கேட்காமலே வேண்டாமென்றாய். இன்றைக்கு வேண்டுமென்று வாய்விட்டுக் கேட்கிறேன், உனக்குக் கண் தெரியவில்லையா? வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைக்கிறாயே ஆத்தா, உனக்கு நான் என்ன குறை வைத்தேன்? இதையெல்லாம் மனதுக்குள் சொன்னதாகத்தான் நினைத்தேன். பூசாரி என் தோளைப் பிடித்து, "மெதுவா, மெதுவா" என்றார். சத்தமாகத்தான் சொல்லியிருக்கிறேன்.

"என்ன சாமி பண்றது?" என்றாள் அம்மா.

"கார்ல ஏறும்மா."

"மறுக்கா ஒரு தடவை கேட்டுப்..."

"ஏறும்மா!"

வெள்ளகோவில் போய்ச் சேர்ந்தபோது அவர் எழுதிக் கொடுக்க ஆபீசுக்குப் போய்விட்டிருந்தார். இது போனில் சொல்கிற விசயமில்லை. அவர்கள் வீட்டுத் திருப்பத்தில் காரை நிறுத்திச் சாயங்காலம் வரை காத்திருந்தோம். அம்மா சலிக்கவில்லை. இளநீர் வாங்கிக் குடித்தாள். ஐந்து மணிக்கு ஸ்கூட்டர் வந்தது. குறுக்கே போய் நின்றேன்.

"பூ வேண்டாம்னு விழுந்துருச்சுங்க. எனக்கு நீங்க வேணும்."

கோகிலவாணி ஸ்கூட்டரை விட்டு இறங்கவில்லை. "மத்தியானமே எழுதிக் குடுத்துட்டனுங்க."

"தெரியுமுங்க. கூடலூருக்கு பஸ் இருக்குதல்ல?"

"உங்க கடை?"

"தெரியலீங்க."

"அம்மா?"

"தெரியலீங்க. ஒண்ணுமே தெரியல. நீங்க வேணும்ங்கறது மட்டுந்தானுங்க தெரியுது."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "உங்க கண்ணெல்லாம் செவந்து கெடக்குது. இது சாமி மேல இருக்கற கோவம். நான் வேணும்ங்கறதுக்காக வந்தீங்களா, சாமி வேண்டாம்னு சொன்னதுக்காக வந்தீங்களான்னு உங்களுக்கே தெரியாது. ராத்திரி தூங்குங்க. காலையில எந்திரிச்சு, கோவமெல்லாம் ஆறுனதுக்கு அப்பறமும் இதையே சொல்றதா இருந்தா வந்து சொல்லுங்க. வரலீன்னாலும் வருத்தமில்ல."

திரும்பி வரும்போது அம்மா சொன்னாள், "அந்தப் புள்ளை சொல்றதும் நாயந்தான்."

இன்றைய முடிவு என்று என்ன எழுதுவது? எடுத்தேனா இல்லையா?

ஆகஸ்ட் 14, வியாழன்

காலையில் எழுந்தபோது கோபம் சுத்தமாக இல்லை. அவர் சொன்னது சரிதான். கோபம் போன இடத்தில் பயம் வந்து உட்கார்ந்திருந்தது. கூடலூரில் மாதத்துக்கு எத்தனை நாள் போய் இருப்பது? கடையை யார் பார்ப்பது? அம்மாவை நினைத்தால் இன்னும் குழப்பம். இட்லி வைக்கும்போது அவளே சொன்னாள்: "என்னை நெனச்சுக்கிட்டு நிக்காத. நான் உன்ற தங்கச்சி ஊட்டுக்குப் போவேன், கூடலூரும் வருவேன், இங்கயும் இருப்பேன். என்ற காலு நல்லாத்தான் இருக்குது." அம்மா அப்படிச் சொன்னதும் எனக்கு ஒரு சாக்குக் குறைந்துபோனது. அதில்தான் பயம் இன்னும் கூடிவிட்டது.

கடையைத் திறந்தேன். ஒருவர் வந்து சமையலறைக்கு என்ன கலர் அடிக்கலாம் என்றார். அட்டையைப் பார்க்கிறேன், பார்க்கிறேன், ஒன்றும் தோன்றவில்லை. "நாளைக்கு வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டு ஷட்டரை இழுத்துவிட்டேன்.

வழியெல்லாம் திரும்பிவிடலாமா என்றுதான் ஓட்டினேன். ஓலப்பாளையத்தில் ஒருமுறை வண்டியைத் திருப்பியும்விட்டேன். திருப்பிக் கொஞ்ச தூரம் வந்ததும் நெஞ்சுக்குள் ஏதோ இறங்கிப்போன மாதிரி இருந்தது. பசிக்கவும் இல்லை. ஓரமாக நிறுத்தி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு மறுபடியும் திருப்பினேன்.

மருந்தகத்தில் அவர் இல்லை. ஒரு தோட்டத்துக்கு மாடு பார்க்கப் போயிருப்பதாகச் சொன்னார்கள். வழி கேட்டுக் கேட்டுப் போனேன். கொட்டகைக்கு முன்னால் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். உள்ளே பசு படுத்திருக்கிறது. கன்று குறுக்காக நின்றுகொண்டதாம், டாக்டர் வர நேரமாகும் என்று அவரே இறங்கிவிட்டார். மண்டி போட்டுத் தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டிருக்கிறார். முகத்தில் வேர்வை.

"யாருங்க அது, வெளிச்சத்த மறைக்கறது?"

"நாந்தானுங்க. மூர்த்தி."

அவர் திரும்பவில்லை. திரும்ப முடியாது. "என்ன விசயமுங்க?"

பத்துப் பேரும் என்னைப் பார்த்தார்கள். மாட்டுக்காரப் பெரியவர் பீடியை எடுத்துவிட்டுப் பார்த்தார். அப்புறமாகச் சொல்கிறேன் என்று வாய்வரைக்கும் வந்தது. அப்புறம் என்று இன்றைக்குச் சொன்னால் அந்த அப்புறம் வராது என்று எனக்குத் தெரியும். என்னை எனக்குத் தெரியும்.

"கோவமெல்லாம் ஆறிப்போச்சுங்க" என்றேன். "பயமா இருக்குது. கூடலூர்ல நான் என்ன பண்ணுவேன்னு தெரியல. ஆனா நேத்துச் சொன்னதேதான். நீங்க வேணும்."

மாடு முனகியது.

"டாக்டரம்மா" என்றார் பெரியவர், "மாப்பளைக்கு என்னமோ பதில் வேணுமாட்டிருக்குதுங்."

"கன்னு வரட்டுமுங்க மாமா" என்றார் அவர். "ஏனுங்க, அங்க நின்னுட்டு வேடிக்கை பாக்காம கன்னு கால்ல கட்டுன இந்தக் கயித்தப் புடிங்க. நான் சொல்றப்ப இழுக்கோணும். மொள்ள. இப்ப வேண்டாம். இப்ப வேண்டாம்னா. ம், இப்ப!"

இழுத்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. என் சட்டையெல்லாம் என்னென்னவோ. கடைசியில் கன்று வழுக்கிக்கொண்டு வந்து வைக்கோலில் விழுந்தது. கிடாரிக் கன்று. மூக்கைத் துடைத்துவிட்டதும் தும்மியது. பெரியவர் கைகூப்பினார். நான் அங்கேயே சாணியில் உட்கார்ந்துவிட்டேன்.

கோகிலவாணி வெளியே வந்து கையை நீட்டினார். "தண்ணி ஊத்துங்க."

தொட்டியிலிருந்து மொண்டு ஊற்றினேன். தோளிலிருந்து விரல் வரை நிதானமாகக் கழுவினார். சோப்புப் போட்டு மறுபடியும் கழுவினார். என்னை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

"அங்க மழை ஜாஸ்தி" என்றார். "குளிர் எலும்பு வரைக்கும் போகுமாம். அத்தைக்கு மொதல்ல ஒரு ஸ்வெட்டர் வாங்குங்க. அப்பறம் உங்களுக்கு."